நிமிர்த்தி வைத்த பீப்பாய்கள்

தம்பிகளே, காலையில் வண்டியைக் கிளப்பும் முன் டீசல் டாங்கியின் அடித்திருகைத் திறந்து ஒரு குவளை பிடித்துப் பாருங்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. "பெரியவர் பூசையை ஆரம்பிச்சிட்டார்" என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வீர்கள். என் இடது காதுதான் செத்துப்போனது, வலது காது நன்றாகவே கேட்கிறது. சிரியுங்கள். இதே பூசையை இன்னொருவன் செய்தபோது நானும் சிரித்தவன்தான். சிரிப்போடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஓய்வு கொடுத்து எனக்கு மாலை போட்டு அனுப்பிய அன்று, இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினீர்கள். நேர்மையாக உழையுங்கள் என்று ஏதோ உளறிவிட்டு இறங்கினேன். மேடையில் சொல்ல முடியாத ஒன்று உள்ளே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதித் தருகிறேன். டீசலில் தண்ணீர் சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இதில் தெரிந்துகொள்ளலாம். பொறாமை பிடித்த ஒருவன் வேலை செய்யும் லட்சணத்தையும் தெரிந்துகொள்ளலாம்.

ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்குத் திரும்பும் முனைக்குக் கொஞ்சம் முன்னால், ரப்பர் கிடங்காக இருந்த தகரக் கொட்டகையைப் பட்டறையாக்கியிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு டிராக்டர். வெள்ளைக்காரன் போட்டுவிட்டு ஓடிய டீசல் வண்டி, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலி. அரிசி கண்ணில் படாத காலம் அது. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தது. செமாபோக் பக்கத்துச் சதுப்பை உழுது நெல் போட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அதற்கு இருந்தது இந்த ஒரு வண்டிதான்.

பட்டறைக்குப் பொறுப்பு ஒரு ஜப்பான் அதிகாரி. வட்டமாகக் கண்ணாடி போட்டிருப்பான். எங்களுக்குள் அவன் பெயர் கண்ணாடிக்காரன். உடைந்த மலாயில் பேசுவான், வாய் போதாத இடத்தில் கை பேசும். அவனுக்குக் கீழே எங்களை மேய்க்க ஒரு மண்டோர், தோட்டத்து இன்ஜின் கொட்டகையில் இருபது வருடம் வெந்த மனிதர். அவருக்குக் கீழே டிராக்டருக்கு இரண்டு பேர். ஒருவன் தாண்டவம். இன்னொருவன் நான்.

தாண்டவம் கம்போங் செட்டிக்காரன். அவன் குடும்பம் எத்தனை தலைமுறையாக மலாக்காவில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. திருநீறு பூசாமல் ஒரு நாளும் வேலைக்கு வந்ததில்லை, ஆனால் தமிழில் நான்கு வார்த்தை சேர்த்துப் பேச வராது. அவர்கள் வீட்டில் பேசுவது ஒரு மாதிரி மலாய், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ். நானோ தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பிறந்து, போட்ட சட்டையோடு ஊருக்கு வந்து, கொட்டகை மூலையில் சாக்கு விரித்துப் படுத்தவன். அவனுக்கு வீடு இருந்தது, வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் இருந்தது, வாழையிலையில் கிழங்கும் சம்பலும் கட்டிக்கொடுக்க ஓர் அக்கா இருந்தாள். அந்தப் பொட்டலத்தைப் பிரித்தால் கொட்டகை முழுக்க மணக்கும். பார்த்த முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

வேலை தெரியாதவனாக இருந்திருந்தால் அதையெல்லாம் மன்னித்திருப்பேன். அவனுக்கு வேலை தெரிந்திருந்தது. நான் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்று நிற்பேன். அவன் வந்து தொட்டால் வண்டி கிளம்பிவிடும். சத்தத்தை வைத்தே எந்தக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். மண்டோர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, "டேய், தாண்டவத்தப் பாத்துச் செய்யிடா" என்பார். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் சதுப்பில் புதைந்த வண்டியை அவன் மேலே ஏற்றிவிட்டான். கண்ணாடிக்காரன் சந்தோஷப்பட்டு அவனுக்கு ஒரு சிகரெட் கொடுத்தான். அந்தக் காலத்தில் முழு சிகரெட் என்பது சின்ன விஷயமில்லை. தாண்டவத்துக்குப் புகைப் பழக்கம் கிடையாது. அவன் அதை என்னிடம் நீட்டினான். வாங்கிக் குடித்தேன். கடைசி இழுப்பு வரைக்கும் நன்றாக இருந்தது. அதற்காகவும் அவன்மேல் ஆத்திரம் வந்தது.

அவனிடம் மூன்று பழக்கங்கள் இருந்தன. மூன்றும் எனக்குக் கண்ணில் விழுந்த தூசி.

எண்ணெய்ப் பீப்பாய்களைத் தோங் என்போம். மழையில் கிடக்கும் தோங் எதையும் அவன் நிமிர்த்தி வைக்க மாட்டான். படுக்கப் போட்டு, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் வருகிற மாதிரி உருட்டி, கட்டை முட்டுக் கொடுத்து வைப்பான். பார்க்க அலங்கோலமாக இருக்கும். டாங்கியில் எண்ணெய் ஊற்றும்போது ஒரு மான்தோல் துண்டு வழியாக வடிகட்டுவான். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் கார் துடைத்த தோல் அது. எண்ணெயை விடும், தண்ணீரை விடாது. அதைப் பட்டறையில் வைக்காமல் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். மூன்றாவது, அந்தப் பூசை. காலையில் வந்ததும் குந்தி உட்கார்ந்து டாங்கியின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடிப்பான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். "தெங்கோக் டூலு" என்பான். முதலில் பார், பிறகு ஓட்டு என்று அர்த்தம். "ஆமா, சாமிக்குத் தீர்த்தம் வந்திருச்சு" என்று நான் கிண்டல் அடிப்பேன். அவனுக்கு அது புரியாது. சிரித்து வைப்பான்.

அந்தப் புட்டியை அவன் வீட்டுக்குக் கொண்டுபோவதை நான்தான் கவனித்தேன். பிரம்புக் கூடையில் சாப்பாட்டுத் துணிக்குக் கீழே இருக்கும். கூடையைச் சைக்கிளில் வைத்துக் கட்டும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுப்பது தினமும் நான்தான். அப்போதெல்லாம் எண்ணெய் திருடியவனுக்கு என்ன நடக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு காலை கண்ணாடிக்காரன் தனியாக வாசலில் நின்றிருந்தான். நான் போய்க் குனிந்து வணங்கி, ஐந்து மலாய் வார்த்தைகள் சொன்னேன். தாண்டவம் வீட்டுக்கு எண்ணெய் கொண்டுபோகிறான். அவ்வளவுதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பின்னால் எத்தனையோ வருடம் இந்த நியாயத்தைச் சொல்லித்தான் நான் தூங்கினேன்.

அன்று சாயங்காலம் வாசலில் கூடையைக் கொட்டச் சொன்னார்கள். புட்டி உருண்டது. கண்ணாடிக்காரன் மூடியைக் கழற்றி முகர்ந்தான். டீசல் வாடை. தாண்டவம், "ஆயேர், ஆயேர்" என்றான். தண்ணீர், தண்ணீர் என்று. அதற்குள் அறை விழுந்துவிட்டது. எத்தனை அறை விழுந்தது என்று நான் எண்ணவில்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அவனைப் பண்டார் ஹிலிர் லாக்கப்புக்குக் கொண்டுபோனார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்றிப்போகும் லோரி அடுத்த வாரம் வருகிறது, அதில் அவன் பெயரும் எழுதியாகிவிட்டது என்று மறுநாள் மண்டோர் சொன்னார். அந்த லோரியில் ஏறிப் போனவர்களில் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

இரண்டு அறையோடு போய்விடும் என்று நினைத்தேன் என இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த ஐந்து வார்த்தையைச் சொன்னபோதே லோரி எனக்கு ஞாபகம் இருந்தது.

வண்டி என் கைக்கு வந்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்த முதல் நாள் நான் அடைந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். மண்டோர் இனி யாரைப் பார்த்துச் செய்யச் சொல்வார்? அவன் கை வைத்த அடையாளம் எதுவுமே பட்டறையில் இருக்கக் கூடாது என்று முதல் காரியமாகப் பீப்பாய்களை எல்லாம் நிமிர்த்தினேன். சிப்பாய்கள் மாதிரி ஒரே வரிசையில், நூல் பிடித்த மாதிரி நிறுத்தினேன். கண்ணாடிக்காரன் வந்து பார்த்தான். வரிசை என்றால் அவனுக்கு உயிர். "பாகூஸ்" என்றான். பிரமாதம் என்று. எனக்குத் தலை கால் புரியவில்லை. காலையில் அடித்திருகைத் திறக்கும் வேலையையும் விட்டேன். மான்தோல் அவனோடு போய்விட்டது, அதைத் தேடவும் இல்லை. என் வண்டி, என் முறை.

மழைக்காலம். மத்தியானம் ஆனால் கொட்டும். நிமிர்ந்து நின்ற பீப்பாய்களின் தலையில், விளிம்புக்குள், தட்டில் ஊற்றிய மாதிரித் தண்ணீர் தேங்கி நிற்கும். வெயிலில் சூடான பீப்பாய் மழையில் குளிரும்போது மூச்சை உள்ளே இழுக்கும். மூடியின் மரை வழியாகத் தேங்கிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. படுக்கப் போட்ட பீப்பாயில் மூடியின் மேல் தண்ணீர் நிற்காது, உள்ளே எண்ணெயும் மூடியை அணைத்தபடி இருக்கும், தண்ணீருக்கு வழி கிடையாது. இதை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை. யோசித்தால் அவன் செய்தது சரி என்று ஆகிவிடுமே.

ஆறு நாள் வண்டி நன்றாக ஓடியது. அதுவரை ஊற்றியது அவன் படுக்கப் போட்டிருந்த காலத்தில் திறந்த பீப்பாய். ஏழாம் நாள் காலை, நான் நிமிர்த்திய வரிசையில் முதல் பீப்பாயைத் திறந்து ஊற்றிக்கொண்டு செமாபோக் போனோம். மறுநாள் காலை சிங்கப்பூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் உழுத நிலத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. சிங்கப்பூரை அப்போது ஷோனான் என்றுதான் சொல்ல வேண்டும், வாய் தவறினால் அதற்கும் அறை உண்டு. சயாம் லோரியும் அதே மறுநாள் காலைதான்.

பாதி நிலம் உழுதிருப்பேன். வண்டி இருமியது. வெள்ளைப் புகை தள்ளியது. சேற்றுக்கு நடுவில் நின்றுவிட்டது.

கைப்பிடியைச் சுற்றினேன். இரண்டு தடவை வெடித்து அடங்கியது. மறுபடி சுற்றினேன். மூன்றாவது தடவை சுற்றும்போது மண்டோர் வரப்பில் ஓடி வந்தார்.

"என்னடா ஆச்சு?"

"தெரியல மண்டோர்."

"நல்லா சுத்துடா. இன்னும் ரெண்டு தடவ சுத்துனா எடுத்துரும். மத்தியானம் கண்ணாடிக்காரன் வந்துருவான்டா."

கை கைப்பிடியில்தான் இருந்தது. தம்பிகளே, இந்த இடத்தில்தான் உங்களில் பாதிப் பேர் தப்பு செய்கிறீர்கள். ஒருவர் பின்னால் நின்று அவசரப்படுத்தினால் கை தானாகச் சுற்றும். சுற்றச் சுற்ற, தண்ணீர் டாங்கியை விட்டுப் பம்புக்குள் போகும். டீசல் பம்பின் உள்பாகத்துக்கு எண்ணெய்தான் மசகு. அங்கே தண்ணீர் போனால் இரும்பை இரும்பு தின்னும். இன்று நீங்கள் ஒரு போன் போட்டுப் புதுப் பம்பு வரவழைப்பீர்கள். அன்று மலாயா முழுக்கத் தேடினாலும் அந்த வண்டிக்கு இன்னொரு பம்பு கிடையாது. வெள்ளைப் புகை தள்ளி நின்றால் கைப்பிடியைத் தொடாதே என்று தாண்டவம் ஒரு தடவை சைகையில் சொல்லியிருந்தான். அவன் சொன்னது என்பதற்காகவே அதை மறக்கப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைந்தது.

கைப்பிடியை விட்டேன். அடித்திருகைத் திறந்து தகரக் குவளையில் பிடித்தேன். முதல் குவளை முழுக்கத் தண்ணீர். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில்தான் எண்ணெய் கலந்து வந்தது. மண்டோர் மூஞ்சி தொங்கிப்போனது.

"தோங்க ஏன்டா நிமித்தி வச்ச?" என்றார். நான் அடித்திருகை மூடினேன். "அவன்கிட்ட ஒரு தோலு இருக்கும்ல. அவங்க வீட்டுல போய்க் கேட்டு வாங்கிட்டு வா. இருக்கிற எண்ணெயயாவது வடிகட்டுவோம். என் சைக்கிள எடுத்துக்க."

கம்போங் செட்டிக்குள் நான் அதுவரை போனதில்லை. வாசலில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கிய வீட்டின் முன்னால் அவன் அக்கா உட்கார்ந்து கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டாள். தாண்டவத்தோடு வேலை செய்கிறவன் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தோலைத் தேடிக்கொண்டே மலாயில் பேசினாள். உன்னைப் பற்றித் தம்பி சொல்வான், வடிகட்டியைக் கழுவுவதில் உன் அளவுக்குச் சுத்தம் தனக்கு வராது என்பான் என்றாள்.  என்னைப் பற்றி நல்ல வார்த்தை பேச அவனுக்கு எப்படி மனம் வந்தது என்று கோபம் கோபமாக வந்தது.

அடுப்படிப் பலகையில் ஐந்தாறு புட்டிகள் வரிசையாக இருந்தன. அசையாமல் வைத்திருந்ததால் தெளிந்திருந்தன. அடியிலிருந்து கழுத்து வரைக்கும் தண்ணீர். மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய். அந்த ஒரு விரல் எண்ணெயைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அவள் தையல் விளக்குக்கு ஊற்றிக்கொண்டாளாம். வண்டிக்கு ஆகாது என்று வெளியே கொட்ட வேண்டியதை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். நான் சொன்ன ஐந்து வார்த்தையும் உண்மைதான். ஒரு விரல் உண்மை.

"சியாப்பா புக்கா மூலுட்?" என்று கேட்டாள். வாயைத் திறந்தது யார் என்று. என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

தெரியாது என்று தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மான்தோலையும் ஒரு புட்டியையும் என் கையில் கொடுத்தாள். இதை ஆட்டாமல் கொண்டுபோய் அந்த ஜப்பான்காரனிடம் காட்டு, அவனுக்கும் கண் இருக்கிறதல்லவா என்றாள்.

நான் திரும்பி வந்தபோது கண்ணாடிக்காரனின் வண்டி சாலையில் நின்றிருந்தது. மண்டோர் எதிரே ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். 

"நான் சொல்றதக் கேளு. தாண்டவம்தான் பழிக்குப் பழி தோங்குல தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டான்னு சொல்லிரு. அவன் எப்படியும் நாளைக்கு லோரி ஏறப் போறவன். நம்ம ரெண்டு பேரும் தப்பிச்சிக்கலாம்."

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். நாலு பிள்ளை பெற்றவர். அந்த ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் பிழைத்தோம். ஆனால் அது திருட்டுக் குற்றம் இல்லை, நாசவேலை. அதற்குத் தாண்டவத்தைச் சயாமுக்கெல்லாம் அனுப்ப மாட்டார்கள், இங்கேயே முடித்துவிடுவார்கள்.

கண்ணாடிக்காரன் வந்தான். குவளையில் இருந்த தண்ணீரைப் பார்த்தான். மண்டோரைப் பார்த்தான். பிறகு என்னிடம், அந்தத் திருடன் செய்த வேலையா இது என்று மலாயில் கேட்டான். பதிலையும் அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும்.

இந்த இடத்தில் எனக்கு நல்ல புத்தி வந்தது, மனசாட்சி விழித்தது என்று எழுத ஆசைதான். நடந்ததைச் சொல்கிறேன். அந்த அக்காவின் பார்வை பாதிக் காரணம். மீதிப் பாதி இதுதான்: ஆமாம் என்று சொன்னால், வண்டி ஓடியதும் தாண்டவத்தால், நின்றதும் தாண்டவத்தால் என்று ஆகிவிடும். பிறகு நான் எங்கே இருக்கிறேன்? அந்தப் பீப்பாய்களை நிமிர்த்தியவன் நான். அந்தப் பழியைக்கூட அவனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"இல்லை" என்றேன். "மழை. தோங்கை நிமிர்த்தி வைத்தது நான்."

புட்டியைச் சங்கிலித் தகட்டின்மேல் வைத்தேன். கீழே தண்ணீர், மேலே எண்ணெய் என்று விரலால் காட்டினேன். அவன் கொண்டுபோனது இதுதான், தினமும் இதை வெளியே எடுத்ததால்தான் வண்டி ஓடியது, அவனை இழுத்து வந்தால் சாயங்காலத்துக்குள் ஓடும், என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் கொட்டினேன். 'என்னால் முடியாது' என்ற வார்த்தை வாயை விட்டு வரத்தான் கஷ்டமாக இருந்தது.

கண்ணாடிக்காரன் குனிந்து புட்டியை நெடுநேரம் பார்த்தான். நிமிர்ந்தான். பிறகு என்னை அறைந்தான். "பக்கேரோ" என்று ஒவ்வொரு அறைக்கும் ஒரு தடவை, அவர்கள் பாஷையில் முட்டாளே என்று. இடது காதில் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தக் காது அதற்குப் பிறகு வேறெதையும் கேட்கவில்லை. டிராக்டர் சத்தத்தில் போன காது என்று உங்களிடம் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும், தாண்டவத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நெற்றியில் திருநீறு இல்லை. அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. வரப்பில் தள்ளாடி வந்தான். என் வீங்கிய முகத்தை ஒரு தடவை பார்த்தான். வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"பெராப்பா காலி பூசிங்?" எத்தனை தடவை சுற்றினாய் என்று கேட்டான்.

மூன்று விரலைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு?

விட்டுவிட்டேன் என்று கையை விரித்தேன்.

"பாகூஸ்" என்றான்.

கண்ணாடிக்காரன் சொன்னபோது தலை கால் புரியாமல் ஆடியவன், இவன் சொன்னபோது அழுதுவிட்டேன். அடி வாங்கிய வலி என்று மண்டோர் நினைத்துக்கொண்டார். இவன் வாயால் ஒரு பாகூஸ் வாங்கத்தான் இத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்தேனா என்று எனக்கே அசிங்கமாக இருந்தது.

டாங்கியைக் காலி செய்தோம், குழாய்களைக் கழற்றி ஊதினோம், தோலில் வடிகட்டிய எண்ணெயை ஊற்றிக் காற்றை வெளியே எடுத்தோம். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை. பம்பு தப்பித்திருந்தது. வெயில் சாய்வதற்குள் வண்டி கிளம்பியது. அவன் ஓட்டினான். ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு மீதி நிலத்தை உழுதான். மறுநாள் பெரிய அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். சயாம் லோரியும் வந்து போனது. அதில் தாண்டவம் இல்லை.

எனக்கு வெயிலில் தலைக்கு மேல் கல்லைத் தூக்கி நிற்கும் தண்டனை, இரண்டு நாள். பிறகு பீப்பாய்களை உருட்டிப் படுக்கப் போடும் வேலை. காலையில் அடித்திருகைத் திறந்து புட்டியில் பிடித்துத் தாண்டவத்திடம் காட்டும் வேலையும் எனக்குத்தான். அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டும் வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது. ஜப்பான்காரன் சரணடையும் வரைக்கும் இது நடந்தது. கூடையைக் கட்டும்போது கயிற்றின் மறுமுனையை நான்தான் பிடித்துக்கொடுத்தேன்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அதே பட்டறையில் இருந்தோம். அவன் பெரிய மெக்கானிக் ஆனான், நான் அவனுக்கு அடுத்தவன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அரிசிச் சோறு திரும்ப வந்துவிட்ட காலம், இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்.

"குவா தாவு."

எனக்குத் தெரியும் என்று. என்ன தெரியும் என்பதையும் அவனே சொன்னான். புட்டி துணிக்குக் கீழே இருந்தது, கூடையைத் தொட்டவன் என்னைத் தவிர நீ ஒருவன்தான் என்றான். லாக்கப்புக்குப் போகும் வழியிலேயே தெரிந்துவிட்டதாம்.

"பிறகு ஏன் சொல்லவில்லை?" என்றேன். வண்டியில் தண்ணீர் என்று அவனைக் கூப்பிட்டு வந்த அன்றே, என்னை மாட்டிவிட்டவன் வேண்டுமென்றே வண்டியையும் கெடுத்தான் என்று கண்ணாடிக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் லோரியில் என்னை ஏற்றியிருப்பார்கள்.

அவன் சம்பலைத் தொட்டுக்கொண்டே, வடிகட்டியை யார் கழுவுவது என்றான்.  தன் இலையில் இருந்த மீன் துண்டில் பாதியைப் பிய்த்து என் இலையில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனான்.

தம்பிகளே, உங்கள் பட்டறையிலும் உங்களைவிட வேலை தெரிந்த ஒருவன் இருப்பான். அவன்மேல் எரிச்சல் வரும், வரட்டும், அதை யாராலும் நிறுத்த முடியாது. அவன் செய்கிற முறையை மட்டும் எரிச்சலில் மாற்றாதீர்கள். மாற்றும் முன் அவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்று வாய் விட்டுக் கேளுங்கள். நான் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், புட்டியைக் காட்டிச் சொல்லியிருப்பான்.

தாண்டவம் போன மாதம் இறந்துபோனான். கம்போங் செட்டிக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லாம் அவனைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். என்னைப் பற்றி இப்படிப் பேச யார் இருப்பார்கள் என்று அங்கே நின்றுகொண்டும் எண்ணினேன். இந்த வயதிலும் அது போகவில்லை. அவன் அக்கா கூனிப்போய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அன்று கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் புட்டியைக் கொண்டுபோய்க் காட்டி என் தம்பியை மீட்டவன் நீதானே என்று அழுதாள். அவளிடம் அவன் இத்தனை வருடமும் வாயே திறக்கவில்லை.

அவனிடம் நான் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மன்னித்திருப்பான். அதிலும் அவன் என்னை முந்திவிடுவான் என்றுதான் கேட்கவில்லை.